கடைசி வண்டியில் இடம்

மின்விசிறிக் காற்றில் மேசைமேல் விரித்த வரைபடம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஒரு மூலையில் தம்ளரும் இன்னொரு மூலையில் சாவிக்கொத்தும் வைத்தும் அது அடங்கவில்லை; அக்காவின் மனசும்தான். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தம்பி, ஐந்து மாதம் கழித்து நேற்றுப் போனில் பேசினான். கடலோரத்தில் இருக்கிறேன் என்றவன், ஊரைச் சொல்லாமலே வைத்துவிட்டான். திருப்பி அழைத்தால் எடுப்பதில்லை. பின்னால் படகு மோட்டார் இரைந்தது மட்டும் அவள் காதிலேயே நிற்கிறது. படகுத்துறை உள்ள சின்ன ஊர்கள் பஸ்ஸில் போய் வரக்கூடிய கரையில் மூன்று. கிடைத்த லீவோ ஒரே நாள். பஸ் டெப்போவில் டைம் கீப்பரான அவள் கணவர் பென்சிலைக் காதில் செருகுவதும் எடுப்பதுமாக இருக்கிறார். "ஆறு இருபதுக்கு ஏறினா முதல் ஊர் எட்டே கால். அங்க நாப்பது நிமிஷம்தான்." "நாப்பது நிமிஷத்துல எப்படிங்க தேடுறது?" "உன் தம்பி வாய்க்கு, அவன் எங்க இருந்தாலும் அந்த ஊரே தெரிஞ்சு வச்சிருக்கும்." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடத்தில் வெயில் விழுந்த கடற்கரைக் கோட்டை நகத்தால் கீறிக்கொண்டே இருக்கிறாள். "திரும்பக் கடைசி வண்டி ஏழரைக்கு. அதுல இடம் சொல்லணும்" என்று அவர் நேரங்களைக் குறித்த தாளை நீட்டுகிறார். கீழ்வரியில் அவள் கண் நிற்கிறது. "ரெண்டு சீட்டுன்னு போட்டிருக்கீங்க." "நாம ரெண்டு பேர்தானே..." என்று தொடங்கியவர், ரப்பரைத் தேடி எடுத்து, இரண்டை அழித்து, மூன்று என்று எழுதுகிறார். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லா அழுத்தி எழுதுங்க."