ஒரு தொட்டிக்கு இடம்

"இந்த ஆர்கிட்டை நாய் தின்னா என்னங்க ஆகும்?"

கேட்ட அம்மாளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தொட்டியைத் தூக்கி அடிப்பக்கம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகாது. இதுல விஷம் கிடையாது," என்றாள் பூக்கடைக்காரி.

"இலை, பூ, வேர் எல்லாத்தையும் தின்னுட்டா?"

"வயித்தைக் கலக்கும். வாந்தி எடுத்தாலும் எடுக்கும். அவ்வளவுதான்."

"வயசான நாயா இருந்தா?"

கடைக்காரிக்குச் சந்தேகம் தட்டியது. பூ எத்தனை நாள் வாடாமல் இருக்கும் என்று கேட்காத ஆள் கிடையாது. இப்படித் துருவித் துருவிக் கேட்ட ஆள் இதுவரை வந்ததில்லை.

"உங்க நாய்ங்களா?"

"என்கிட்ட நாய் இல்லீங்க."

பின்னால் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரி புருஷனின் கத்திரி நின்றது.

"அப்ப செடி யாருக்கு?"

"என் வீட்டுக்காரரா இருந்தவரோட புதுச் சம்சாரத்துக்கு. அனுப்பினது யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கடைக்காரங்களே சும்மா குடுத்த மாதிரி இருக்கட்டும்."

கடைக்காரி விறுவிறுவென்று உள்ளே போனாள். "ஏங்க, ஆளை ஒண்ணும் பண்ண முடியலைன்னு நாயைக் கொல்லப் பாக்கிறா இவ."

"கொல்றவ கொல்லாத செடியை ஏன்டி வாங்கறா?"

"எது கொல்லும்னு நூல் விட்டுப் பாக்கிறா. நீங்க பேசாம இருங்க, நான் வாயைப் பிடுங்கறேன்."

திரும்பி வந்து, பக்கத்துப் பலகையைக் காட்டினாள்.

"நாய்க்கு ஆகாததுன்னா இந்த அரளிதான். நாலு இலை உள்ள போனாப் போதும், கதை முடிஞ்சுது. இதைக் கட்டட்டுமா?"

அந்த அம்மாள் பதறிப்போனாள். ஆர்கிட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"ஐயையோ, அது பக்கத்திலயா இதை வெச்சிருந்தீங்க? இலை கிலை விழுந்திருக்கப் போகுது!" தொட்டியில் இருந்த மரப்பட்டைத் துண்டுகளைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். "உரம் போட்டீங்களா? பூச்சி மருந்து?"

"மருந்து இல்ல. உரம் மட்டும் லேசா..."

"தயவுசெஞ்சு அலசிக் குடுத்துடுங்க."

குழாயைத் திறக்கும்போது கடைக்காரியின் குரல் இறங்கிவிட்டிருந்தது. "யாரும்மா அந்த நாய்?"

"தொரை. கண்ணு திறக்காத குட்டியிலேர்ந்து நான் வளத்தவன். பிரிஞ்சப்போ எனக்கு வாய்ச்சது மூணாவது மாடியில ஒத்த ரூம். அவனுக்கு இடுப்பு போயிடுச்சு, படி ஏற மாட்டான். அதான் அங்கேயே விட்டுட்டு வந்தேன்."

"சரி, அதுக்காக அவளுக்கா பூச்செடி வாங்கிக் குடுப்பீங்க?"

"அவங்களுக்குச் செடின்னா உயிராம். தொரையோ கண்டதையும் கடிச்சுப் பாக்கறவன். நான் போய் எச்சரிச்சா, வயித்தெரிச்சல்ல பேசறேன்னு நினைப்பாங்க."

ஈரம் சொட்டிய தொட்டியை வாங்கி முந்தானையால் துடைத்தாள்.

"அவன் படுத்துக்கற இடத்துல வாய்க்கு எட்டற ஜன்னல் கட்டையில ஒரே ஒரு தொட்டிக்குத்தாங்க இடம். வேற ஏதாவது செடி அங்க வந்து உக்காரறதுக்குள்ள இது போய் உக்காந்துடணும்."