பேத்தை

சம்பந்தி வீட்டார் முன்னால் அக்கா புருஷன் மீன்தொட்டியின் நீல விளக்கைப் போட்டுவிட்டு, கடலையே விலைக்கு வாங்கியவர் போல் நிற்கிறார். உப்புத்தண்ணீர், உயிருள்ள பவளங்கள், நடுவே பந்தாக உப்பக்கூடிய பேத்தை மீன். "பவளத்தைத் திரும்பிக்கூடப் பாக்காதுங்க. நான் பழக்கின பழக்கம் அப்படி." உப்பிக் காட்டட்டும் என்று வலைக்கம்பால் அதன் வயிற்றில் குத்துகிறார். மீன் உப்பவில்லை. கண்ணை உருட்டி அவரை ஒருமுறை அளந்துவிட்டு, சாவகாசமாகத் திரும்பி, அவர் பொத்திப் பொத்தி வளர்த்த ஊதாப் பவளத்தை நறுக்கென்று கடிக்கிறது. தூள் மிதந்து இறங்குகிறது. "பல்லுதான் தேய்க்குது. பவளத்துக்கும் அது நல்லதுங்க" என்று கன்னம் உப்ப அளந்துகொண்டே போகிறார். சம்பந்தியம்மா அக்கா பக்கம் சாய்ந்து, "இதுக்கு என்னமோ பேர் சொன்னாரேம்மா?" என்கிறார். காபி தம்ளர்களைத் தட்டில் அடுக்கும் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ள இருக்கிறது பேத்தைங்க. வெளிய நிக்கிறது பேத்துது."