பொறி வைக்காத இடம்

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று ஹேமா முடிவு செய்திருந்தாள்.

வாயால் அல்ல. அது ஒன்பது வருஷமாக நடக்காத காரியம்.

எதிரே ரூபன் மூங்கில் வாளோடு நின்றான். முகத்தில் கம்பி வைத்த முகமூடி. நாளைக் காலை ஒசாகாவுக்கு விமானம். அங்கே வேலை. திரும்பி வருவதைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை. பெரம்பூரில் இந்த பேட்மிண்டன் கூடத்தில் இருவரும் ஆடும் கடைசி கெண்டோ வாள்சண்டை இது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எதிரே நிற்க அவன் இருக்க மாட்டான்.

பலே ஆள் அவன். வாள் நுனியைக் கொஞ்சம் விலக்கி மணிக்கட்டைத் திறந்து காட்டுவான். ஆகா, இடம் கிடைத்தது என்று பாய்ந்தால் தொலைந்தோம். அதற்குள் நம் தலையில் அடி விழுந்திருக்கும். காலியாகக் கிடக்கும் இடமெல்லாம் பொறிதான் என்று அவளுக்குச் சொன்னவனும் அவன்தான்.

ஹேமா மூச்சை இழுத்து விட்டாள்.

மெதுவாக வாளைத் தாழ்த்தினாள். தலை, கழுத்து, நெஞ்சு எல்லாம் திறந்து கிடந்தன.

கெண்டோவில் இடது குதிகால் தரையில் படக் கூடாது. பட்டால் பாய முடியாது. அதையும் கீழே ஊன்றினாள்.

இதற்கு மேல் ஒருத்தி எப்படித்தான் சொல்வாள்?

வா.

அவன் வாளை உயர்த்தினான். அரை அடி வந்தான். நின்றான். பிறகு பின்வாங்கினான்.

அவள் அப்படியே நின்றாள். அவன் சுற்றிச் சுற்றி வந்தானே தவிர உள்ளே வரவில்லை. நடுவர் கொடியைத் தூக்கி ஆட்டத்தை முடித்துவைத்தார். இருவரும் குனிந்து வணங்கினார்கள்.

முகமூடியைக் கழற்றியதும் அவனுக்கு ஒரே சிரிப்பு.

"நல்லா வலை விரிச்ச ஹேமா. நான் மாட்டுவேனா?"

மக்கு. வாளைப் பார்த்தவன் காலைப் பார்க்கவில்லை.

அவள் தன் முகமூடியைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவன் மட்டும் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றான். சாவி கையில் இருந்தது. எப்போதும் முதல் ஆளாகக் கிளம்புகிறவன்.

"ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேணாம்னு வீட்ல சொல்லிட்டேன்."

அதோடு நிறுத்திக்கொண்டான். வண்டியையும் எடுக்கவில்லை.

காலி இடம்.

ஒன்பது வருஷத்தில் இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. பாய்ந்து பாய்ந்து வாங்கிய அடி ஒன்றுகூட மறக்கவில்லை.

அவள் குனிந்து அவன் காலைப் பார்த்தாள்.

இடது குதிகால் மண்ணில் நன்றாக ஊன்றியிருந்தது.

செருப்புக் காலோடு தெருவில் நிற்கிறவன் வேறு எப்படி நிற்பான், பைத்தியக்காரி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திட்டிக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தாள்.