மேம்பாலத்து இழுவை

டப்... டப்... டப்...

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டதுமே சிவனம்மாளுக்கு எரிச்சல் வந்தது. பால்காரன் சுருளிவேலின் பழைய புல்லட். பாலம் ஏறுகிறது. இன்றைக்கு வழக்கத்தைவிட மந்தமாக, அழுத்தி அழுத்தி.

"ஆளுக்கு முன்னாடி சத்தம் வந்துருது. பால்தான் வந்து சேர மாட்டேங்குது" என்று தோசைக்கல்லைப் பார்த்து முணுமுணுத்தாள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வந்த வியாபாரிகள் நாலைந்து பேர் அவள் மெஸ்ஸில் காப்பிக்குக் காத்திருந்தார்கள்.

நேற்றே தீர்த்துச் சொல்லிவிட்டாள். "உங்க ரெண்டு பேர்ல நாளைக்கு யாரு முதல்ல பாலை எறக்குறீகளோ, இனிமே அவுகதான் இங்க ஊத்தணும்."

இன்னொருத்தன் ஆல்வின். அவனும் தாடிக்கொம்புப் பக்கமிருந்துதான் வருகிறான். புது பைக், புது கேன். இந்த மெஸ் கைவிட்டுப் போனால் சுருளிவேலுக்குப் பாதிப் பால் தேங்கிவிடும். அது அவளுக்கும் தெரியும். அதற்காகக் காப்பிக்கு வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா?

பாலத்துச் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றது ஒரு பைக்.

"பாத்தீகளாக்கா! நான்தான் முதல்ல!" ஆல்வின் கேனை அவிழ்த்தான்.

"அட, சத்தமே இல்லாம வந்து நிக்குதே! வண்டின்னா இதுல்ல வண்டி!" என்றாள் சிவனம்மாள்.

அவன் பாலை இறக்கி முடிக்கவும் புல்லட் வந்து சேர்ந்தது. சுருளிவேலின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"பிந்திட்டியேப்பா" என்றாள் சிவனம்மாள். "ரெண்டாயிரமாவது வருசமே பொறக்கப் போவுது. இன்னும் இந்தக் கெழட்டு வண்டிய வச்சு உருட்டிக்கிட்டு இருக்க."

"அண்ணன் வண்டில பிஸ்டன் மேல போயிட்டுக் கீழ வாரதுக்குள்ள நாம ஒரு காப்பி குடிச்சிரலாம்க்கா" என்றான் ஆல்வின். வியாபாரிகள் சிரித்தார்கள்.

சுருளிவேல் அவனையே செத்த நேரம் பார்த்தான். ஆல்வின் குனிந்து கேன் மூடியைத் திருகினான்.

"ஆமாப்பா. என் வண்டிக்கு ஸ்ட்ரோக் நீளம். பிஸ்டன் நெடுக எறங்கித்தான் ஏறும். ஓட்டம் மெதுவுதான். ஆனா நடக்குற வேகத்துலயும் அணையாம இழுக்கும். உன்னுது பிஸ்டன் ஓடுற குழாய், அந்தப் போரு அகலம், ஸ்ட்ரோக் குட்டை. பறந்தாத்தான் அதுக்குத் தெம்பு. ஏத்தத்துல சுமையோட நின்ன எடத்துல இருந்து கெளம்பிப் பாரு, தெரியும்."

"இந்த வியாக்கியானமெல்லாம் எனக்கு எதுக்கு? வித்துப்போட்டுப் புதுசு எடுத்துட்டு வா, பேசுவோம்."

"விக்க மாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து ஆல்வின் ஊத்தட்டும்."

"ஊத்தட்டும்." அவன் கெஞ்சவில்லை. குரல்கூடத் தாழவில்லை. "நான் பிந்திட்டேன்னு திட்டுங்க, கேட்டுக்கிறேன். என் வண்டியப் பழிக்காதீக. கெழடுதான், ஆனா தரமான கெழடு."

"வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல!"

சுருளிவேல் இறக்காத கேன்களின் கயிற்றை இழுத்து இறுக்கினான்.

சிவனம்மாள் உள்ளே போய் ஆல்வினின் பாலை அடுப்பில் ஏற்றினாள். வாசலில் யாரோ கிக்கரை உதைக்கும் சத்தம். மறுபடி உதை. மறுபடியும். எஞ்சின் மூச்சே விடவில்லை.

அடுப்படி ஜன்னல் வழியாக ஆல்வினின் குரல் வந்தது, ரகசியமாக.

"சுருளியண்ணே... இன்னும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுண்ணே. ஏத்தத்துல அணைஞ்சு நின்னப்ப பாலத்து உச்சி வரைக்கும் பின்னால காலை வச்சுத் தள்ளியாந்தீகள்ல, அதே மாதிரி மெக்கானிக் கடை வரைக்கும் ஒரு மிதி குடுங்கண்ணே."

"ஏறு. ஹேண்டிலை நேராப் புடி."

சிவனம்மாள் வாசலுக்கு வந்தாள். புல்லட்டில் உட்கார்ந்தபடி சுருளிவேல் ஆல்வின் வண்டியின் பின் மிதிக்கட்டையில் ஒரு காலை வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஆல்வின் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சுருளி, அவனை விட்டுட்டுத் திரும்பி வந்து பாலை எறக்கு. நாளைக்கும் நீதான்."

"மெதுவாத்தான் வருவேன்க்கா."

"வா."

அவள் உள்ளே போய்த் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள்.