செல்லும் கையெழுத்து

"உங்க அண்ணன் இன்னைக்கும் உயிரோடதான் இருக்கார்" என்றாள் அண்ணி, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பிக்காரன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டான். தினமும் கேட்கிற சேதிதான். ஆனாலும் ஒவ்வொரு காலையும் அதைக் கேட்டதும் அவன் பார்வை தெருப் பக்கம் ஓடும்.

வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய அலுவலகம். அண்ணன், அண்ணி, தம்பி மூன்று பேருமாகக் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கு தயாரித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் அண்ணனுடைய டிஜிட்டல் கையெழுத்துதான் விழும்.

மழைக்காலத்தில் ஒருநாள் அண்ணனும் தம்பியும் ஆற்றுப் பக்கம் போனார்கள், தம்பி மட்டும் திரும்பி வந்தான். கால் வழுக்கி அண்ணன் வெள்ளத்தோடு போய்விட்டான் என்று அவன் கதறிய கதறலில் தெருவே கூடிவிட்டது. போலீஸ் தேடியது, படகுக்காரர்கள் தேடினார்கள். உடல் மட்டும் கிடைக்கவே இல்லை.

அண்ணி அழுது புரளுவாள் என்று பார்த்திருந்த சொந்தக்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். அவளோ காலையில் எழுந்ததும் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே வரியில் ஒரு கட்டளையைத் தட்டுவாள். கையெழுத்துச் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்தின் சர்வரிடம் அது போய்க் கேட்கும்: இந்தச் சான்றிதழ் செல்லுமா, ரத்தாகிவிட்டதா? 'குட்' என்று பதில் வரும், செல்லும் என்று அர்த்தம். உடனே அண்ணி தலையை வாரிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவாள்.

"அது மெஷின் சொல்ற பதில் அண்ணி" என்றான் தம்பி. "யாராவது ரத்து பண்ற வரைக்கும் செத்தவன் கையெழுத்துக்கும் அது குட்னுதான் சொல்லும். ஆத்தோட போனவன் யாரு, வீட்ல இருக்கறவன் யாருன்னு அதுக்கென்ன தெரியும்?"

"அது எனக்கும் தெரியும் தம்பி. ஆனா அவர் இல்லைன்னு அது சொல்லலையே."

"நீங்க சம்மதிச்சா இறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துடலாம். அப்புறம் இதையும் ரத்து பண்ணிடுவாங்க. எனக்காகவாவது செய்யுங்க அண்ணி. தூக்கமே போச்சு எனக்கு."

அதில் பொய் இல்லை. அண்ணன் உட்கார்ந்த நாற்காலிப் பக்கமே அவனால் போக முடியவில்லை. தெருவில் எவனாவது செருமினால் அண்ணன் செருமுகிற மாதிரியே கேட்டது.

அண்ணனுக்கு ஊரறிந்த மறதி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவான். வீட்டுச் சாவியிலிருந்து பாஸ்வேர்டு வரைக்கும் எதுவானாலும் பெண்டாட்டியைக் கேட்டால்தான் ஆயிற்று. இப்போதும் அவன் மண் ஒட்டிய காலோடு அறை அறையாக எதையோ தேடிக்கொண்டு நடக்கிறான் என்று தம்பிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை அவன் வந்தபோது அண்ணி அந்தச் சேதியைச் சொல்லவில்லை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. திரையை மட்டும் காட்டினாள்.

'ரிவோக்டு' என்று இருந்தது. ரத்து.

அப்பாடா என்றிருந்தது தம்பிக்கு. இந்தப் பாழும் கேள்வி இன்றோடு ஒழிந்தது.

"சான்றிதழ் கொடுத்த கம்பெனியே ரத்து பண்ணிட்டாங்க போல. நல்லதுக்குத்தான் அண்ணி. மனசைத் தேத்திக்குங்க."

"அவங்க எப்படிப் பண்ணுவாங்க? நான் இறப்புச் சான்றிதழ் கொடுத்தாத்தானே பண்ண முடியும்? நான் கொடுக்கலையே."

"பின்னே?"

"இன்னும் ஒரே ஒரு வழிதான் இருக்கு. அவரே தன்னோட பாஸ்வேர்டைப் போட்டு ரத்து பண்ணிக்கலாம்."

அவன் திரையருகே குனிந்தான். "ஏதாவது தப்பா வந்திருக்கும். இன்னொரு தடவை தட்டிப் பாருங்க."

அண்ணி தட்டினாள். அதே பதில்தான் வந்தது. அதற்குக் கீழே நேற்றைய தேதி, அதற்கும் கீழே காரணம்.

"பழசுக்குப் பதிலாப் புதுசுன்னு காரணம் போட்டிருக்கு" என்று நிதானமாகப் படித்துச் சொன்னாள். "செத்தவருக்கு எதுக்குத் தம்பி புதுக் கையெழுத்து?"

அண்ணனின் நாற்காலி லேசாகத் திரும்பியது. மின்விசிறிக் காற்றுதான், அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. "நேத்து எங்கேயோ உட்கார்ந்து தட்டியிருக்கார் பாருங்க! இன்னைக்கோ நாளைக்கோ வந்துடுவார். இத்தனை நாளா எங்க இருந்தார், என்ன ஆச்சுன்னு அவர் வாயாலயே சொல்லுவார்."

"வரமாட்டான்."

"வருவார் தம்பி."

"வரமாட்டான் அண்ணி!" அவன் அலறினான். "எப்படி வருவான்? அவன் ஆத்துல போகவே இல்லையே! வாய்ச்சண்டை முத்தி அடிச்சுட்டேன், விழுந்தவன் எழுந்திருக்கலை. நான்தானே குழி தோண்டி, இந்தக் கையாலயே மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

அண்ணியின் முகத்தில் அந்த மலர்ச்சி இல்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ரத்து பண்ணினது நான்தான், தம்பி."