வெளியே இருக்கும் சம்சாரம்

இதய மருத்துவம் பயிலும் டாக்டர்களுக்கு ஆண்டுத் தேர்வு நடத்துபவள் அமிர்தவல்லி. திரையில் நோயாளியாகப் பேசுபவர், இறந்துபோன அவள் கணவர் ஞானவேல். அவருடைய குரலையும் நோயையும் கணினியில் ஏற்றி, கேட்டால் பதில் சொல்லும்படி தேர்வுக்குக் கொடுத்ததே அவள்தான். இதுவரை தேர்வுக்கு வந்த யாரும் அவரைக் காப்பாற்றியதில்லை.

இம்முறை டாக்டர் நஸ்ரின் நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, உடனே ஆபரேஷன் என்றாள்.

"டாக்டரம்மா, வெளிய என் சம்சாரம் இருக்கா. ரொம்பப் பயப்படுவா. பக்குவமாச் சொல்லுங்க," என்றார் ஞானவேல்.

அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் நஸ்ரின் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வெளியே அமிர்தவல்லி மட்டுமே உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே அவர் மனைவி என்று தெரியாமல், அவளையே அந்தச் சம்சாரமாகப் பாவித்து நஸ்ரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உங்க வீட்டுக்காரர் பிழைச்சிடுவார்," என்றாள்.

அமிர்தவல்லி அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நான் பயப்படலன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க டாக்டர்."