சுவரில் ஓர் இடம்

தேசியக் கால்பந்து அணியின் அருங்காட்சியகத்துக்கு மறுநாள் திறப்பு விழா. காப்பாளரின் அறைக்குள் வந்த சங்கத் தலைவர் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, முப்பது வருஷத்துக்கு முந்தின அந்த இறுதி ஆட்டம்... பந்து என் கால்ல பட்டு நம்ம வலைக்குள்ளேயே போச்சுன்னு எழுதியிருக்கியாமே?"

"நடுவரோட அறிக்கையில அப்படித்தான் இருக்குங்க ஐயா."

"கோல்கீப்பர் கோட்டை விட்டான்னுதானே ஊரே சொல்லுது? அப்படியே இருக்கட்டும். செத்துப்போனவன் எழுந்து வந்து கேக்கவா போறான்? அன்னிக்கு நான் ஆடவே இல்லைன்னு போட்டுடு."

"எழுதிக் கொடுத்துடுங்க ஐயா, மாத்திடறேன்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள், நாட்டுக்காக ஆடிய அத்தனை பேரின் பெயர்களும் சுவரில் பித்தளைப் பலகைகளில் மின்னின. தலைவர் மூன்று முறை தேடிவிட்டு அவளிடம் பாய்ந்தார்.

"என் பேரு எங்க?"

"ஒரு ஆட்டமாவது ஆடினவங்களுக்குத்தாங்க பலகை. நீங்க ஆடினது மொத்தமே அந்த ஒரு ஆட்டம்தானே? அதுலயும் ஆடலைன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க."

"விளையாடறியா? அமைச்சர் வர்ற நேரம்! என் பலகையை மாட்டு!"

அவள் கைப்பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தாள். அவர் பெயருக்குக் கீழே, 'ஆட்டம் ஒன்று. கோல் ஒன்று, சொந்த வலையில்' என்று பொறித்திருந்தது.

"தாராளமா மாட்டிடலாம் ஐயா. அந்த கோல்கீப்பருக்குப் பக்கத்துல இடம் விட்டே வெச்சிருக்கேன். எங்கப்பாவால எழுந்து வர முடியலைங்க. அதான் நான் வந்திருக்கேன்."